தும்பாட்: எதிர்பார்ப்பும் முதல் எதிர்வினைகளும்

தும்பாட், 2018 அக்டோபர் 12 அன்று வெளியான இந்தித் திரைப்படம். ராஹி அனில் பர்வே இயக்கினார். ஆனந்த் காந்தி படைப்பாக்க இயக்குநராகவும் ஆதேஷ் பிரசாத் இணை இயக்குநராகவும் பணியாற்றினர். தயாரிப்பாளர்களுள் ஒருவரான சோஹும் ஷா முதன்மை வேடத்தில் நடித்தார். திகில் படம் என்று விளம்பரம் செய்யப்பட்டாலும் இருண்ட மிகுபுனைவு என்ற வகைக்கே இது பொருந்தும். புராணம் போன்ற ஒரு தோற்றக் கதை, அதற்கென்று சில விதிகள், அந்த விதிகளுக்குள் சிக்கிய மனிதர்கள் என்று நடக்கும் படம் இது.

முதல் வெளியீட்டில் சுமார் 13 கோடி ரூபாய் வசூலித்த இப்படம், 2024 செப்டம்பர் 13 அன்று மீண்டும் திரையரங்குகளுக்கு வந்தபோது அதைப்போல இரு மடங்குக்கு மேல் வசூலித்தது. அன்று முதல் ஒரு விளக்கம் பரவலாகச் சொல்லப்படுகிறது: 2018இல் ரசிகர்கள் நல்ல படத்தை நிராகரித்தார்கள், ஆறு ஆண்டுகள் கழித்துத் தவறை உணர்ந்து திருத்திக்கொண்டார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் நடந்தது அதுவல்ல. 2018இல் படத்தைப் பார்த்தவர்கள் அதை நிராகரிக்கவில்லை. பார்க்க வந்தவர்களே குறைவு. எதிர்பார்ப்பு வேறு, எதிர்வினை வேறு. தும்பாட்டைப் பற்றிய பேச்சில் இவ்விரண்டும் ஒன்றாகக் குழப்பப்படுகின்றன. (படத்தின் முடிவு கீழே பேசப்படுகிறது.)

உருவான விதம்

1993இல் நாக்சிரா வனவிலங்குச் சரணாலயத்தில் நண்பர் ஒருவர் சொன்ன கதையிலிருந்து இப்படம் தன் மனத்தில் தொடங்கியது என்று பர்வே சொல்லியிருக்கிறார். அது மராத்தித் திகில் எழுத்தாளர் நாராயண் தாரப்பின் கதை. தாரப்பின் 'ஆஜி', ஸ்டீபன் கிங்கின் 'கிராம்மா' கதையை அடியொற்றியது. கிங்கின் அக்கதை 1985இல் வந்த 'ஸ்கெலிட்டன் குரூ' தொகுப்பில் இடம்பெற்றது. ஆக, அமெரிக்கப் பாட்டி ஒருத்தி மராத்திப் பாட்டியாகி, பிறகு கொங்கணத்து மழையில் சங்கிலியால் கட்டப்பட்ட கிழவியாகத் திரைக்கு வந்திருக்கிறாள். படத்தின் பெயர் ஸ்ரீ. நா. பெண்ட்சேயின் 'தும்பாட்சே கோத்' நாவலிலிருந்து வந்தது. நாவலிலிருந்து படம் எடுத்துக்கொண்டது பெயரை மட்டுமே.

முதல் வரைவு 1997இல் எழுதப்பட்டது. படப்பிடிப்பு தொடங்க 2012 ஆகிவிட்டது. இடையில் தயாரிப்பாளர்கள் விலகினார்கள். எடுத்துத் தொகுத்த படம் பர்வேக்கும் ஷாவுக்கும் நிறைவளிக்காததால், பகுதிகள் மாற்றி எழுதப்பட்டு மீண்டும் எடுக்கப்பட்டன. 2015இல் படப்பிடிப்பு முடிந்தபின்னும் காட்சிநுட்ப வேலைகள் நீண்டன. படம் முழுக்கப் பெய்யும் மழையில் பெரும்பகுதி உண்மையான மழை. அதற்காகக் குழு பல மழைக்காலங்கள் காத்திருந்தது. மேகம் மூடிய பகல் வெளிச்சமும் விளக்கொளியுமாக பங்கஜ் குமார் செய்த ஒளிப்பதிவுக்குப் பின்னால் இந்தக் காத்திருப்பு இருக்கிறது.

இத்தனை ஆண்டுகள் உருவாக்கத்தில் இருந்த படம் வெளியாகும்போது சாதாரணமாக ஒரு எதிர்பார்ப்பு திரண்டிருக்க வேண்டும். தும்பாட்டுக்கு அப்படித் திரளவில்லை. தாமதத்தைச் செய்தியாக்க அதில் நட்சத்திரம் யாரும் இல்லை. பர்வேக்கு இது முதல் முழுநீளப் படம். சோஹும் ஷாவை 'ஷிப் ஆஃப் தீசியஸ்' பார்த்த சிறு வட்டத்துக்குத்தான் தெரியும்.

வெனிசும் மும்பையும்

2018 வெனிஸ் திரைப்பட விழாவின் விமர்சகர் வாரப் பிரிவை தும்பாட் தொடங்கிவைத்தது. அப்பிரிவின் தொடக்கப் படமாகத் திரையிடப்பட்ட முதல் இந்தியப் படம் இதுதான். அங்கு வந்த பார்வையாளர்களிடம் ஒரு தயார்நிலை இருந்தது. இருண்ட மிகுபுனைவு என்றால் என்னவென்று அவர்களுக்குத் தெரியும். 2006இல் கான் விழாவில் கியெர்மோ தெல் தோரோவின் 'பான்ஸ் லேபிரிந்த்' திரையிடப்பட்டபோது 22 நிமிடம் எழுந்து நின்று கைதட்டினார்கள் என்பது விழா வட்டாரங்களில் இன்றும் சொல்லப்படும் செய்தி. அப்படம் மூன்று ஆஸ்கர் விருதுகளும் பெற்றது. பாசிச ஸ்பெயினையும் பூதங்களையும் ஒரே கதைக்குள் வைக்கலாம், அதைப் பெரியவர்களுக்காகவே எடுக்கலாம் என்பது அங்கே 12 ஆண்டுகளுக்கு முன்பே ஏற்கப்பட்டுவிட்டது.

இந்தித் திரையுலகில் அப்படி ஒரு முன்னோடி இல்லை. ராம்சே சகோதரர்களின் மலிவுத் திகில் படங்கள் இருந்தன. ராம் கோபால் வர்மாவின் 'ராத்' (1992), 'பூத்' (2003) ஆகிய பேய்ப் படங்கள் இருந்தன. ஆகஸ்ட் 31 அன்று வெளியாகிப் பெருவெற்றி பெற்ற 'ஸ்த்ரீ' பேயையும் சிரிப்பையும் கலந்து கொடுத்தது. ஆறு வாரம் கழித்து தும்பாட் வந்தபோது, 'ஸ்த்ரீ'யைப் பார்த்துச் சிரித்த அதே பார்வையாளர்தான் சுவரொட்டியைப் பார்க்கிறார். செப்டம்பரில் வந்த முன்னோட்டத்தில் இருட்டு, மழை, கிணறு, அலறல் எல்லாம் இருந்தன. பயமுறுத்தும் படம் என்று அவர் முடிவுகட்டியதில் அவர் தவறு எதுவும் இல்லை. அப்படித்தான் சொல்லப்பட்டது.

வெளியீட்டு நாளும் உதவவில்லை. ஒரு வாரம் முன்பு 'அந்தாதுன்' வந்து வாய்மொழிப் பாராட்டில் ஏறிக்கொண்டிருந்தது. ஆறு நாள் கழித்து 'பதாய் ஹோ' வந்தது. நடுவில் அகப்பட்ட தும்பாட்டின் முதல் நாள் வசூல் ஒரு கோடியைத் தொடவில்லை.

இதன் பிறகு நடந்ததைத்தான் பலர் மறந்துவிட்டார்கள். இரண்டாம் நாள் வசூல் ஏறியது. மூன்றாம் நாள் இன்னும் ஏறியது. பார்த்தவர்கள் வெளியே வந்து மற்றவர்களிடம் சொல்லியிருக்கிறார்கள் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். விமர்சனங்களும் பெரும்பாலும் சாதகமாகவே வந்தன. ஒளிப்பதிவும் கலையமைப்பும் ஏறக்குறைய எல்லோராலும் பாராட்டப்பட்டன. அடுத்த ஆண்டு ஃபிலிம்ஃபேர் விருதுகளில் ஒளிப்பதிவு, கலை இயக்கம், ஒலி வடிவமைப்பு ஆகிய மூன்றும் தும்பாட்டுக்கே கிடைத்தன. நிராகரிக்கப்பட்ட படத்தின் வரலாறு இப்படி இருக்காது.

"பயமாக இல்லை" என்ற குறை

பார்த்தவர்களில் ஒரு பகுதியினர் ஒரு குறையைச் சொன்னார்கள். படம் நன்றாக இருக்கிறது, ஆனால் பயமாக இல்லை. தொடக்கத்தில் இருந்த அச்சம் போகப்போகக் குறைந்துவிடுகிறது. இந்தக் குறையை இன்றைய ரசிகர்கள் கேலி செய்கிறார்கள். கேலி தேவையில்லை. சொன்னது உண்மை. அச்சம் குறையத்தான் செய்கிறது. அது ஏன் குறைகிறது என்று பார்த்தால் படத்தின் உள்கட்டு தெரியும்.

கதை மூன்று பகுதிகளாக நடக்கிறது. உலகைப் படைத்த தேவியின் தலைமகன் ஹஸ்தர். தாயின் பொன்னையெல்லாம் எடுத்துக்கொண்டவன், தானியத்தின் மேலும் கைவைக்கப் போனபோது மற்ற தெய்வங்கள் அவனைத் தாக்கின. தாய் அவனைத் தன் கருப்பைக்குள் ஒளித்துக் காப்பாற்றினாள். இனி யாரும் அவனை வழிபடக் கூடாது என்பது நிபந்தனை. தும்பாட் ஊரார் அவனுக்குக் கோயில் கட்டினார்கள். ஓயாத மழை அதற்கான சாபம். ஹஸ்தர் எந்தப் புராணத்திலும் இல்லாதவன்; படத்துக்காகப் படைக்கப்பட்டவன். ஆம்புரோஸ் பியர்ஸ் முதல் லவ்கிராஃப்ட் வரை மேற்கத்திய விசித்திரக் கதைகளில் வரும் 'ஹஸ்டர்' என்ற பெயரின் சாயல் இதில் இருப்பதை அவ்வகைக் கதைகளைப் படித்தவர்கள் உடனே கவனித்திருப்பார்கள்.

1918இல் சிறுவன் விநாயக், தாய், தம்பி, சங்கிலியில் கட்டப்பட்ட கிழவி ஆகியோருடன் தும்பாட்டில் இருக்கிறான். இந்தப் பகுதி முழுமையான திகில். கிழவிக்குச் சோறூட்ட வேண்டும். அவள் விழித்துக்கொண்டால் ஹஸ்தரின் பெயரைச் சொல்லித் தூங்கவைக்க வேண்டும். குழந்தையைத் தூங்கவைக்கப் பூச்சாண்டியைக் கூப்பிடுகிற நம் வீட்டு வழக்கத்தை இது தலைகீழாக்குகிறது. இங்கே சிறுவன் பூச்சாண்டியின் பெயரைச் சொல்லிக் கிழவியைத் தூங்கவைக்கிறான்.

15 ஆண்டுகள் கழித்து, வளர்ந்த விநாயக் திரும்பி வருகிறான். கிழவி உயிரோடு இருக்கிறாள். அவள் உடலில் மரம் முளைத்திருக்கிறது. தன்னை எரித்துவிடுவதாக வாக்குக் கொடுத்தால் புதையலின் வழியைச் சொல்வதாகச் சொல்கிறாள். இந்தக் காட்சியில் அவன் முகத்தைக் கவனிக்க வேண்டும். அருவருப்பு ஒரு கணம்தான்; பிறகு அவன் பேரம் பேசுகிறவன் ஆகிவிடுகிறான். படத்தின் அச்சம் இங்கிருந்துதான் வடியத் தொடங்குகிறது.

அதன்பின் புதையல் எடுப்பது ஒரு தொழிலாக மாறுகிறது. வாடா என்று மராத்தியில் சொல்லப்படும் கோட்டை போன்ற பெரிய வீடு, அதற்குள் கிணறு, கிணற்றின் அடியில் தேவியின் கருப்பை. கயிற்றில் இறங்க வேண்டும். மாவால் வட்டம் போட்டு அதற்குள் நிற்க வேண்டும். மாவுப் பொம்மையை வைத்தால் பசியோடு ஹஸ்தர் வருவான். அவன் தின்னும் நேரத்தில் அவனுடைய கோவணத்திலிருந்து பொற்காசுகளைப் பறித்துக்கொண்டு ஏறிவிட வேண்டும். பூதம் காத்த புதையல் கதைகளில் பூதத்தை வெல்ல மந்திரவாதி வேண்டும், பலி வேண்டும். இங்கே வேண்டியது கொஞ்சம் மாவும் கைவேகமும்தான். விநாயக் புனேயிலிருந்து போகிறான், வருகிறான், காசை விற்கிறான், மறுபடியும் போகிறான்.

இதில் எப்படிப் பயம் இருக்கும்? வேலைக்குப் போகிறவனுக்கு வேலையிடம் பயமாக இருக்குமா? ஒருமுறை உயிரைப் பணயம் வைத்து இறங்கியவன் பத்தாவது முறை இறங்கும்போது கணக்குப் பார்த்துக்கொண்டு இறங்குகிறான். 1947இல் நடக்கும் மூன்றாம் பகுதியில் அவன் மகன் பாண்டுரங்குக்குத் தொழில் பழக்குகிறான். மகனின் கண்ணிலும் பயத்தைவிட ஆர்வமே தெரிகிறது. அப்பனைவிட ஒரு படி மேலே போய், காசைப் பறிப்பதற்குப் பதில் கோவணத்தையே உருவிவிடலாமே என்று யோசனை சொல்பவன் அந்தச் சிறுவன்தான். பேராசை பயத்தைத் தின்றுவிடுகிறது என்பதைப் படம் வசனத்தில் சொல்லவில்லை. நம்மையே பயப்படாமல் செய்து காட்டுகிறது. அச்சம் குறைகிறது என்று 2018இல் சொன்னவர் படத்தைச் சரியாகவே பார்த்திருக்கிறார். பயத்துக்காகக் காசு கொடுத்து வந்தவர் என்பதால் அது அவருக்குக் குறையாகப் பட்டது.

இந்த வகைப் படங்களில் உணவுக்கு எப்போதும் ஒரு விதி உண்டு. 'பான்ஸ் லேபிரிந்த்' படத்தில் சிறுமி ஒஃபீலியாவிடம் விருந்து மேசையில் எதையும் தொடாதே என்கிறார்கள். அவள் திராட்சையைத் தின்கிறாள், பூதம் விழித்துக்கொள்கிறது. பசித்த குழந்தை மீறுவதால் அவள்மேல் நமக்கு இரக்கம் வருகிறது. தும்பாட்டில் பசித்திருப்பது பூதம். முதலில் அருவருப்பாகத் தெரியும் ஹஸ்தர், திரும்பத் திரும்ப ஏமாற்றப்படுவதைப் பார்க்கப் பார்க்கப் பாவமாகத் தெரியத் தொடங்குகிறான். சோறு கிடைக்காத பிள்ளையை மாவுப் பொம்மை காட்டி ஏய்க்கிறவர்கள் மனிதர்கள். கருவறை என்ற நம் சொல் கோயிலையும் தாயின் வயிற்றையும் ஒருசேரக் குறிப்பதால், தமிழில் பார்க்கிறவருக்கு இந்தக் கொள்ளை நடக்கும் இடம் எது என்பது கூடுதலாகவே உறைக்கும்.

காணாமல்போன மறுப்புகள்

2018இல் சொல்லப்பட்டவற்றுள் இன்னும் பதில் கிடைக்காத குறைகளும் உண்டு. படம் செவ்வியல் அந்தஸ்துக்கு உயர்ந்தபின் அவற்றைப் பேசுவது நின்றுவிட்டது.

முதலாவது, கதையின் கருத்து படத்தின் காட்சிகளைவிட எளிமையானது என்பது. பேராசை பற்றிய காந்தியின் பெயரிலான வாசகத்தோடு படம் தொடங்குகிறது. அந்த வாசகம் தேவையே இல்லை. பார்க்கப்போவது இன்ன நீதிக்கதை என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால், மூன்று தலைமுறைகளின் சிக்கல் ஒரு பாடமாகச் சுருங்கிவிடுகிறது. 1918, 1933, 1947 என்ற ஆண்டுகள் வெறும் அலங்காரம் அல்ல. ஊரின் நிலவுடைமைக்காரருக்குப் பணிவிடை செய்து ஒற்றைப் பொற்காசுக்காகக் காத்திருக்கும் தாயிலிருந்து, விடுதலைக்குப் பின் அரசு வாடாவைக் கையகப்படுத்தப் போகிறது என்ற அவசரம்வரை, சொத்து யாருடையது என்ற கேள்வி கதைக்குள் ஓடுகிறது. ஒரு பிராமணக் குடும்பம் பரம்பரை உரிமை இல்லாத சொத்துக்கு எப்படி உரிமை கொண்டாடுகிறது என்பதைப் படம் தொட்டுவிட்டு விட்டுவிடுகிறது. இன்னும் அழுத்தியிருக்கலாம்.

இரண்டாவது, பெண்கள். தாயின் பாத்திரம் முதல் பகுதியில் வலுவாக இருக்கிறது. மறுபடி தும்பாட்டுக்குப் போக மாட்டேன் என்று மகனிடம் சத்தியம் கேட்பவள் அவள். அதன் பிறகு வரும் மனைவி, வைப்பாட்டி இருவருக்கும் விநாயக்கின் சீரழிவைக் காட்டுவதைத் தவிர வேலை இல்லை. தேவியின் உடலுக்குள்ளேயே நடக்கும் கதையில் தேவிக்கு எந்தக் குரலும் இல்லை. இதைப் படம் உணர்ந்தே செய்கிறது என்று வாதிடலாம். அந்த வாதத்துக்குப் படத்துக்குள் போதிய சான்று இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

மூன்றாவது குறை பாத்திரங்களோடு ஒட்ட முடியவில்லை என்பது. இதை ஏற்க முடியாது. விநாயக்கை நாம் விரும்ப வேண்டும் என்று படம் கேட்கவே இல்லை. மழையில் நனைந்த மூட்டைபோல சோஹும் ஷா அவனைச் சுமந்து நடக்கிறார். போகப்போக உடல் தடித்து, கண் மங்கி, பேச்சு முரடாகிறது. பாண்டுரங்காகவும் கிழவியாகவும் நடித்தவர் ஒரே சிறுவன், முகமது சமத். தெரியாமல் பார்த்தவர்கள் நம்ப மாட்டார்கள். குடும்பத்தின் கடைசிப் பிள்ளையும் பழைய சாபமும் ஒரே முகம் என்பது தற்செயலா திட்டமா என்பது எப்படி இருந்தாலும், தெரிந்தபின் பார்க்கும்போது இறுதிக் காட்சி கனக்கிறது.

2024

மறுவெளியீட்டின் சூழலைக் கவனித்தால் 2018இன் நிழல் தெரியும். 2024 ஆகஸ்ட் 15 அன்று 'ஸ்த்ரீ 2' வெளியாகி வசூலைக் குவித்தது. சில வாரம் கழித்து தும்பாட். முன்பும் அதே வரிசைதான். அந்த ஆண்டின் நடுப்பகுதியில் புதிய இந்திப் படங்கள் போதாமல் திரையரங்குகள் பழைய படங்களைத் தேடிக்கொண்டிருந்தன. 2018இல் கவனம் பெறாத 'லைலா மஜ்னு'வும் ஆகஸ்டில் மீண்டும் வந்து முதல் வெளியீட்டை மிஞ்சியது. ஆகவே தும்பாட்டின் வெற்றியை ரசனை வளர்ந்துவிட்டதற்கான சான்றாக மட்டும் எடுத்துக்கொள்ள முடியாது. திரைகள் காலியாக இருந்தன.

ஆனால் பெரிய மாற்றம் வந்தவர்களிடம் இருந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் அமேசான் பிரைமில் பலர் இதைச் சிறிய திரையில் பார்த்திருந்தார்கள். பார்க்காதவர்களும் அது எப்படிப்பட்ட படம் என்று கேள்விப்பட்டிருந்தார்கள். திடுக்கிடவைக்கும் என்று நம்பி வந்தவர்கள் குறைவு. மழையை, இருட்டை, ஜெஸ்பர் கிட்டின் இசையைப் பெரிய திரையில் அனுபவிக்க வந்தவர்கள் அதிகம். முதல் நாள் வசூலே 2018இன் முதல் நாளைத் தாண்டியது. 2018க்கும் 2024க்கும் இடையில் மாறியது படத்தின் தரமோ மனிதர்களின் அறிவோ அல்ல. உள்ளே நுழையும்போது கையில் இருந்த எதிர்பார்ப்பு. ஏற்கெனவே முடிவு தெரிந்தவர்களுக்கு இப்படம் நன்றாகவே வேலை செய்கிறது. காரணம், அதன் இன்பம் 'அடுத்து என்ன' என்பதில் இல்லை, 'எப்படிச் செய்கிறான்' என்பதில் இருக்கிறது. எத்தனை பொம்மை வைத்தால் என்ன ஆகும் என்று தெரிந்தே விநாயக்கும் பாண்டுரங்கும் கடைசி முறை இறங்குவதைப் பார்ப்பது முதல்முறை பார்ப்பதைவிடக் கொடுமையாக இருக்கிறது. பொம்மைக்கு ஒரு ஹஸ்தராக எல்லாப் பக்கமிருந்தும் இறங்கி வருகிறார்கள். மகனைத் தப்பவைக்க விநாயக் பொம்மைகளைத் தன் உடலில் கட்டிக்கொள்கிறான். சாபம் பிடித்த நிலையில் மேலே வந்து, கைப்பற்றிய கோவணத்தை மகனிடம் நீட்டுகிறான். பாண்டுரங் அதை வாங்காமல் அப்பனுக்குத் தீ வைக்கிறான்.

மறுவெளியீட்டையொட்டி இரண்டாம் பாகம் அறிவிக்கப்பட்டது. சோஹும் ஷா அதை முன்னெடுக்கிறார். பர்வேயும் ஆனந்த் காந்தியும் அதில் இல்லை. பர்வே தன் வழியில் 'பஹாட்பாங்கிரா', 'பக்ஷிதீர்த்' என்று இரு கதைகளைத் தும்பாட்டின் தொடர்ச்சியாக மனத்தில் வைத்திருப்பதாகத் தனியே சொல்லியிருக்கிறார். முதல் படத்துக்கு 2018 அக்டோபரில் கிடைக்காத முதல் நாள் கூட்டம் இரண்டாம் பாகத்துக்கு நிச்சயம் கிடைக்கும். ஹஸ்தர் யார், மாவு எதற்கு, கிணற்றுக்குள் என்ன இருக்கிறது என்று எல்லாம் தெரிந்த கூட்டமாக அது இருக்கும்.